தறிச் சத்தத்தில் ஒரு வாக்குமூலம்

எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதிலுரை ஒன்றரைப் பக்கம்தான். வழக்கு முழுவதும் அதன் நான்காவது பத்தியில் இருந்த ஒரே வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "மேற்படி தறியைத் தொடாமல் விலகி நிற்கும்படி மேஸ்திரி மனுதாரருக்குக் கையால் சைகை காட்டி உத்தரவிட்டார், மனுதாரர் அந்த உத்தரவை வேண்டுமென்றே மீறித் தறியை ஓட்டியதால் விபத்து நேர்ந்தது." படித்து முடித்ததும் அதை எழுதிய வக்கீலின் திறமையை மனதுக்குள் மெச்சினேன். ஒரு சொல்கூட வீணாகப் போடவில்லை.

காரணம் இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையின் காரணமாக அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தந்தாக வேண்டியிருந்தது. யார் மேல் தப்பு என்ற விசாரணையே கிடையாது. தொழிலாளி அசட்டையாக இருந்தார், அவசரப்பட்டார் என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் மூன்றாவது பிரிவில் முதலாளி வெளியேறச் சில வாசல்கள் இருந்தன: தொழிலாளி குடித்திருந்தால், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றியிருந்தால், பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தால். உயிர் போயிருந்தாலோ நிரந்தரமான முழு ஊனம் ஏற்பட்டிருந்தாலோ இந்த வாசல்களும் அடைபட்டுவிடும். எங்கள் வழக்கில் போனது ஒரு கண்ணின் பார்வை. ஆகவே வாசல் திறந்தே இருந்தது.

ஆக, 2014-ல் இளம்பிள்ளையில் ஒரு தறிப்பட்டறையில் ஒரு மேஸ்திரியின் கை காட்டிய சைகைக்கு என்ன பொருள் என்பதே வழக்கு. அந்தக் கை எப்படி அசைந்தது என்பதில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. வலது உள்ளங்கை முன்பக்கம் பார்த்தபடி, மார்பு உயரத்தில், முன்னால் தள்ளியது. "விலகிப் போ" என்பது முதலாளி தரப்பு. "தறியைப் போடு", அதாவது ஓட்டு, என்பது எங்கள் தரப்பு.

இளம்பிள்ளையைச் சேலைக் கடைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சேலத்திலிருந்து கஞ்சமலை சித்தர்கோவில் வழியாக அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு, கடைவீதி கண்ணில் படும் முன்பே தறிச் சத்தம் காதில் விழும். இளம்பிள்ளை, இடங்கணசாலை, காகாபாளையம், வேம்படிதாளம் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீட்டின் முன்கட்டில் குடும்பமும் பின்கட்டில் தறியுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். ஊடை நூலைச் சுமந்து குறுக்கே பாயும் நாடா ஓடும் விசைத்தறி நாலைந்து ஒரே கூரையின் கீழ் ஓடினால் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள். இந்தப் பட்டறையில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை அறுந்தால் இரண்டு விரலை உரசி விரிப்பார்கள். நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துவிட்டால் மூடிய கையைத் திறந்து காட்டுவார்கள். முதலாளி வருகிறார் என்பதற்கு மீசையைத் தொடுவது. மேஸ்திரி என்பதற்குச் சட்டைப்பையைத் தட்டுவது. ஆளுக்கொரு சைகைப் பெயர்.

உலகத்தில் தறி ஓடிய இடமெல்லாம் இப்படித்தான். இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைப் பெண்கள் வாயைப் பெரிதாக அசைத்தும் கையைக் காட்டியும் பேசிக்கொண்ட முறைக்குத் தனிப் பெயரே உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களின் சைகைகளை 1975-ல் மெய்ஸ்னர், ஃபில்பாட் என்ற இருவர் ஆராய்ந்து எழுதினார்கள். வேலைக்காகத் தொடங்கிய சைகைகளிலேயே அவர்கள் வீட்டுக் கதையும் பந்தய முடிவும்கூடப் பேசிக்கொண்டார்களாம். நம் பட்டறைகளைப் பற்றி அப்படி யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

என் கட்சிக்காரருக்கு அப்போது 22 வயது. பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. பதினைந்து வயதில் தறிக்கு வந்தவர். தெருவில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் பட்டறைக்குள் நிலைமை வேறு. அந்தச் சத்தத்தில் யார் காதும் வேலைக்கு ஆகாது. கைப்பேச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் நாள் அவருடைய அம்மா என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "வெளியிலதாங்க சார் அவன் பேசமாட்டான். தறிக்குள்ள போனா எல்லாத்துக்கும் அவன்தான் வாய்."

நடந்தது இதுதான். ஒரு தறியில் நாடா பெட்டிக்குள் சரியாகப் போய் உட்காராமல் தடுமாறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி பின்பக்கம் நின்று சரிசெய்தார். என் கட்சிக்காரரான பையன் முன்பக்கம் நின்று அறுந்த பாவு இழைகளைப் பிணைத்தார். பிணைத்து நிமிர்ந்தபோது மேஸ்திரி கையைக் காட்டினார். பையன் கைப்பிடியைத் தள்ளினார். தறி ஓடிய வேகத்தில் நாடா எகிறி வந்து அவர் இடது கண்ணில் அடித்தது. நாடா வெளியே பறக்காமல் தடுக்கும் கம்பி அந்தத் தறியில் எப்போதோ கழன்று போயிருந்தது. நாடாவின் முனையில் இரும்புக் குப்பி இருக்கும். ஆஸ்பத்திரியில் கண் உருண்டையைக் காப்பாற்றினார்கள், பார்வை திரும்பவில்லை.

அந்தப் பட்டறையில் பத்துப் பேருக்கும் குறைவாகவே வேலை செய்ததால் இ.எஸ்.ஐ. கிடையாது. இருந்திருந்தால் வழக்கே வேறு பாதையில் போயிருக்கும். சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, மற்ற கண் நன்றாக இருந்து ஒரு கண்ணின் பார்வை மட்டும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. அன்றைக்கு மாதக் கூலி எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு 8,000 ரூபாய்தான் உச்சம். அதில் 60 சதவீதம் 4,800. அதை 22 வயதுக்குரிய 221.37 என்ற காரணியால் பெருக்கி, வரும் தொகையில் 30 சதவீதம் எடுத்தால் 3,18,773 ரூபாய். ஒரு கண்ணுக்குச் சட்டம் போட்ட விலை அவ்வளவுதான். ஆனால் மூன்றாம் பிரிவின் வாசல் வழியாக எதிர்த்தரப்பு வெளியேறிவிட்டால் அதுவும் பூஜ்யம்.

பணத்தை விட என்னை அதிகம் உறுத்தியது வேறு. நடந்ததைச் சொல்லத் தெரிந்தவர் என் கட்சிக்காரர். கேட்கக் காத்திருந்தவர் வழக்கை விசாரித்த இழப்பீட்டு ஆணையர். நடுவில் பாலமில்லை.

சட்டம் பாதையைத் திறந்துதான் வைத்திருந்தது. பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் சொல்லலாம், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 119-ஆம் பிரிவில் சொன்னது. 2013-ல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்டவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பாசிரியரையோ நீதிமன்றம் வைத்துக்கொள்ள வேண்டும், வீடியோவிலும் எடுக்க வேண்டும் என்றது. இழப்பீட்டு ஆணையர் முன் நடக்கும் விசாரணையில் சாட்சியச் சட்டம் வரிக்கு வரி கட்டாயமில்லை என்றாலும், எங்கள் ஆணையர் அதையே வழிகாட்டியாக எடுத்துக்கொண்டார்.

சிறப்பாசிரியர் ஒருவர் வந்தார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பல வருடம் பாடம் நடத்தியவர், அக்கறையான மனிதர். அவர் கையசைத்து ஒரு கேள்வி கேட்டார். பையன் தலையாட்டினார். இன்னொரு கேள்வி. அதற்கும் தலையாட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "மேஸ்திரி உங்களை விலகச் சொன்னாரா என்று கேளுங்கள்" என்றார். அதற்கும் தலையாட்டல். என் நெஞ்சு பதறியது. காது கேளாதவர்களோடு பழகியவர்களுக்கு இந்தத் தலையாட்டல் தெரியும். புரியாத இடத்தில், பெரிய மனிதர்கள் முன்னால், கோபப்பட்டுவிடப் போகிறார்களே என்று ஆட்டும் தலை அது. ஆசிரியரே அதைப் பார்த்துவிட்டார். ஆணையரிடம் நேராகச் சொன்னார்: "ஐயா, இவருக்குச் சொல்ல நிறைய இருக்கு. ஆனா நான் கத்துக்கிட்ட சைகை மொழி இவருக்குத் தெரியாது, இவரோடது எனக்குத் தெரியாது. நான் அர்த்தம் சொன்னா அது ஊகமாத்தான் இருக்கும்." அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவரை நான் வணங்குகிறேன். வாங்கும் படிக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சைகை என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான், பசி என்றால் வயிற்றைத் தட்டுவது போல எல்லாம் பார்த்தவுடன் புரிந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது உண்மையில்லை. சுவிட்சர்லாந்தின் மொழியியலாளர் சொசூரின் வகுப்புரைகள், அவர் இறந்தபின் 1916-ல் நூலாக வந்தன. ஒரு குறிக்கும் அதன் பொருளுக்கும் இயற்கையான பந்தம் எதுவும் இல்லை, அதைப் புழங்குகிறவர்களின் உடன்பாடுதான் பந்தம் என்பது அதன் அடிப்படை. கைமொழிக்கும் அதுவே பொருந்தும். அமெரிக்காவின் வில்லியம் ஸ்டோகோ 1960-ல் காட்டியபடி, சைகை மொழிகளுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஒரு நாட்டுச் சைகை மொழி பெரும்பாலும் வேறு நாட்டுக்காரருக்குப் புரியாது. எங்களுக்கு நாடு தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. சேலத்து வகுப்பறைக்கும் இளம்பிள்ளைப் பட்டறைக்கும் நடுவிலேயே அந்த இடைவெளி இருந்தது.

பையனுடைய அம்மாவை மொழிபெயர்ப்பாளராக வைக்கலாமா என்று கேட்டேன். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, நியாயமான ஆட்சேபம்தான். வழக்கில் பணம் வந்தால் அது அந்த வீட்டுக்குத்தான் போகும். 2012-ல் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் சொன்னதை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து வாசித்தார். அது ஒரு கொலை வழக்கு. இறந்தவரின் மனைவி காது கேளாத, வாய் பேசாத சாட்சி. அவருடைய சாட்சியம் பதிவான விதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விடுதலையை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன நிபந்தனைகளில் இரண்டு எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒன்று, சாட்சி காட்டும் சைகையையும் அதற்குச் சொல்லப்படும் அர்த்தத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். இரண்டு, மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சுற்றுப்புறத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அதே சமயம் வழக்கில் எந்த ஆதாயமும் இல்லாதவராக இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை வீட்டுக்கு வந்து பலமுறை படித்தேன். அதை எழுதிய நீதிபதிகள் விஷயத்தின் வேரைத் தொட்டிருந்தார்கள். சுற்றுப்புறத்துக்குள் இருப்பவருக்குத்தான் அர்த்தம் தெரியும். சுற்றுப்புறத்துக்குள் இருப்பவருக்குத்தான் சொந்தமும் பந்தமும் பயமும் இருக்கும். இளம்பிள்ளை போன்ற ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தறியோடு பழகியவர்கள் அறிவார்கள். அந்தப் பட்டறையில் வேலை செய்த எல்லாரும் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு அந்த முதலாளி உறவு, அல்லது பாவு கொடுக்கும் வியாபாரி இருவருக்கும் ஒருவரே. கூப்பிட்டால் வருகிறேன் என்பார்கள், வாய்தா அன்று வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

கடைசியில் கிடைத்தவர் தார் சுற்றி ஓய்ந்த ஒரு வயதான அம்மா. சொந்தத் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு மகள் வீட்டில் இருந்தார். என் கட்சிக்காரர் சிறு பையனாக முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த வேறொரு பட்டறையில் இவரும் இருந்திருக்கிறார். இந்த முதலாளியிடம் வேலை பார்த்ததில்லை, யாரிடமும் முன்பணம் இல்லை, இரு தரப்புக்கும் உறவுமில்லை. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், தறியில் கைப்பேச்சு என்று மூன்றையும் புழங்கியவர். தமிழ் படிக்கவும் தெரியும். "நான் கோர்ட்டு கச்சேரி பார்த்ததில்லீங்க தம்பி. ஆனா அந்தப் பையன் என்ன சொல்றான்னு கேட்டா சொல்லுவேன். அவன் சொல்லாததைச் சொல்லமாட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் எதை எதிர்பார்க்க முடியும்!

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. இந்த அம்மாவுக்கு உண்மையிலேயே அந்தச் சைகைகள் தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். சோதித்துப் பாருங்கள் என்று ஆணையரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு தாளில் எழுதி, பையனுக்குத் தெரியாமல் அந்த அம்மாவிடம் கொடுத்தார்: அலமாரி மேல் இருக்கும் மூன்று கட்டுகளில் நடுக்கட்டை எடுத்து டைப்பிஸ்டிடம் கொடுக்க வேண்டும். அம்மா படித்தார். மூன்று விரல், நடுவிரலைப் பிடித்து ஓர் ஆட்டு, பத்து விரலாலும் காற்றில் தட்டல். பையன் எழுந்து போய் நடுக்கட்டை எடுத்து டைப்பிஸ்ட் மேசையில் வைத்தார். அடுத்து ஆணையர் பையனை மட்டும் வராண்டாவுக்கு அழைத்துப் போய், தன் பேனாவைப் பூந்தொட்டியில் செருகிக் காட்டிவிட்டு வந்தார். பையன் காட்டியதைப் பார்த்து அம்மா சொன்னார்: "எழுதுற பேனாவை வெளியில செடிக்குள்ள குத்தி வெச்சிருக்கீங்களாம்."

மூன்றாவது சோதனையாக வந்த தாளில் அம்மா தடுமாறினார். "நாளை மறுநாள் மறுபடி வரவேண்டும்" என்று எழுதியிருந்தது. "இதை நேரா காட்ட முடியாதுங்க. எங்களுக்கு நாள் எல்லாம் கூலி நாள்ல இருந்துதான். சனிக்கிழமைக் கூலிக்கு எத்தனை நாள் முன்ன, எத்தனை நாள் பின்னன்னு எண்ணிக் காட்டணும்" என்று சொல்லி, அப்படியே காட்டினார். பையன் வெள்ளிக்கிழமை என்று சரியாகப் புரிந்துகொண்டார். ஆணையர் அதையும் குறித்துக்கொண்டார். முதல் இரண்டு சோதனையும் தராத நம்பிக்கையை அந்த மூன்றாவது தந்தது என்று நினைக்கிறேன். எது முடியும் எது முடியாது என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் நாம் சாட்சியை ஒப்படைக்க முடியும். சத்தியப் பிரமாணம் அவருக்கும் செய்து வைக்கப்பட்டது.

வாக்குமூலத்தைப் படமெடுக்க, ஊரில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறவர் கேமராவை அமைத்தார். டைப்பிஸ்டிடம் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன்: இடப்பக்கம் கை செய்தது, வலப்பக்கம் அம்மா சொன்ன அர்த்தம். முதலில் எரிச்சல்பட்ட டைப்பிஸ்ட் கொஞ்ச நேரத்தில் தானே, "சார், கையோட கண்ணும் இடப்பக்கம் கீழே போச்சு, அதையும் அடிக்கட்டுமா?" என்று கேட்டார். அடியுங்கள் என்றார் ஆணையர். அது பின்னால் எவ்வளவு பயன்படப் போகிறது என்று அப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

"தறியைப் போடு" என்பதைப் பையன் காட்டியபோது உள்ளங்கை முன்னால் போயிற்று. கண் கைப்பிடி இருக்கும் பக்கம் போயிற்று. "விலகு" என்பதைக் காட்டியபோது புறங்கையால் மணிக்கட்டிலிருந்து ஒரு வீச்சு. கண் எதிரில் இருக்கும் ஆளின் முகத்தில் நின்றது.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்வி அருமையானது. "சேலம் அஞ்சு ரோட்டில் போக்குவரத்துப் போலீஸ்காரர் இதே மாதிரி உள்ளங்கையைக் காட்டினால் என்ன செய்வாய்?" அம்மா அதைக் கைப்பேச்சில் பையனிடம் கேட்டார். பையன் உடனே இரு கையாலும் சைக்கிள் பிரேக்கை இறுக்கிக் காட்டினார். நிற்பேன். வக்கீல் முகம் மலர்ந்தது. ஆனால் பையன் நிறுத்தவில்லை. காக்கித் தொப்பியைக் காட்டினார், சாலையைக் காட்டினார்; பிறகு நாடா இரண்டு பக்கமும் ஓடுவதைக் காட்டிவிட்டு உள்ளங்கையை முன்னால் தள்ளி, கைப்பிடியைத் தள்ளிக் காட்டினார். அம்மா சொன்னார்: "ரோட்டுல போலீஸ்காரர் காட்டினா நிக்கணும். தறிக்குள்ள காட்டினா தறியைப் போடணும்னு சொல்றானுங்க." பள்ளிக்கூடம் போகாத அந்த இளைஞர், சொசூரின் வகுப்பில் உட்கார்ந்தவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

1885-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை ஒட்டிய ஒரு கேள்வியைப் பார்த்திருக்கிறது. கழுத்து அறுபட்டுப் பேச முடியாமல் கிடந்த துலாரி என்ற பெண்ணிடம் கேள்வி கேட்டார்கள். அவள் கையசைத்தே பதில் சொன்னாள், பிறகு இறந்துபோனாள். கையசைவைத் தனியாகப் பார்க்காமல், கேட்ட கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் அது வாக்குமூலமாகும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். என் வாதத்தில் அந்த வழக்கை முன்வைத்தேன். துலாரியின் கைக்கு முன்னால் கேள்வி இருந்தது. மேஸ்திரியின் கைக்கு முன்னால் பிணைத்து முடித்த பாவு இருந்தது, ஓடத் தயாராக நின்ற தறி இருந்தது. நம் வள்ளுவரும் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார்: பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று. அரசவையில் ஒரு பார்வைக்கு இருக்கும் பொருள் காதலர் நடுவில் இருக்காது.

இனி மேஸ்திரி. நல்ல மனிதர், கெட்டிக்காரத் தொழிலாளி. விபத்து நடந்த அன்று பையனைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். முதலாளியிடம் வேலை பார்க்கிறவர் என்ன சொல்ல முடியுமோ அதைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தார்: உள்ளங்கையை முன்னால் தள்ளி விலகச் சொன்னேன். அந்த நாளைப் பற்றி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு எழுந்தேன்.

தொழிலைப் பற்றியே கேட்டேன். எத்தனை வருடம் தறியில்? சத்தத்தில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள்? "கையிலதாங்க." பாவு தீர்ந்தால்? கையைக் காட்டினார். தார் தீர்ந்தால்? காட்டினார். இழை அறுந்தால்? காட்டினார். முதலாளி வந்தால்? மீசையைத் தொட்டுவிட்டு முதலாளியைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். ஒவ்வொன்றையும் நான் வாயால் விவரிக்க, ஆணையர் டைப்பிஸ்டுக்குச் சொல்ல, பதிவாகிக்கொண்டே வந்தது. அவருக்குத் தன் தொழிலைச் சொல்வதில் உற்சாகம் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல? மூடிய கையை நெஞ்சுக்கு இழுத்தார். பக்கத்தில் நிற்கிற ஆளை விலகச் சொல்ல? புறங்கை மணிக்கட்டிலிருந்து வீசியது. கண் என் முகத்தில். தறியைப் போடச் சொல்ல?

உள்ளங்கை முன்னால் போயிற்று. கண் இடப்பக்கம் கீழே போயிற்று.

ஆணையர் இரண்டையும் விவரித்துச் சொன்னார், டைப்பிஸ்ட் அடித்து முடித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். எதை ஆட்சேபிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார். மேஸ்திரிக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அன்றைக்கு நீங்கள் காட்டியது இந்தச் சைகைதானே?" என்று ஒரு ஜூனியர் கேட்டிருப்பார். பிரமாணப் பத்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிலைத் திரும்பக் கேட்டு, மாற்றிச் சொல்ல ஒரு வாய்ப்பைக் கொடுப்பது எதற்கு? அதோடு, அந்த மனிதரை அவருடைய முதலாளி முன்னால் பொய்யராக நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. இரண்டு காரணம் சொல்லியிருந்தார் ஆணையர். அந்தப் பட்டறையின் வழக்கப்படி அந்தச் சைகை தறியை ஓட்டச் சொல்வதே என்பது இரு தரப்புச் சாட்சியத்திலும் தெரிகிறது என்பது ஒன்று. மேஸ்திரி மனதில் வேறு எண்ணம் இருந்திருந்தாலும், உத்தரவைப் பெறுகிறவருக்கு அது எந்தப் பொருளில் போய்ச் சேரும் என்பதை வைத்துத்தான் அது வெளிப்படையான உத்தரவா என்று முடிவு செய்ய முடியும் என்பது இரண்டாவது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்க்காத தெளிவு அந்த இரண்டாவது வரியில் இருந்தது. 12 சதவீத வட்டியோடு தொகையைக் கட்டச் சொன்னார். மேல்முறையீட்டுக்குப் போகவும் முழுத் தொகையைக் கட்டிய சான்றிதழ் வேண்டும் என்பதால் முதலாளி கட்டினார்; கட்டியபின் மேல்முறையீடு செய்யவில்லை. அவரும் கடனில் தறி போட்டவர்தான். தடுப்புக் கம்பியை மட்டும் அன்றைக்கே மாட்டியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

அதற்குப்பின் நாட்டில் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2015-ல் டில்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட சைகை மொழி அகராதி 2018-ல் 3,000 சொற்களோடு வந்து, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தொடர்பு முறையாக ஏற்றுக்கொண்டது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பழைய 119-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சியச் சட்டத்தில் 125-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் என்று பதிவான 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில், அகராதிச் சைகையைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காதவர்கள் நிறைய. அவர்களுக்கும் பேச்சு இருக்கிறது. அது தறிப்பட்டறையிலும் செங்கல் சூளையிலும் வீட்டுச் சமையல்கட்டிலும் உருவான பேச்சு. நீதிமன்றங்கள் அகராதியைக் கையில் எடுத்த கையோடு, சாட்சியின் தெருவுக்கும் ஓர் ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று நான் பார்க்கிற நீதிபதிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சில வருடம் கழித்து நாமக்கல்லில் வக்கீலாக இருக்கும் நண்பர் போன் செய்தார். கோழிப்பண்ணையில் வேலை பார்த்த, காது கேளாத ஒரு பெண் அவருடைய வழக்கில் சாட்சி. இளம்பிள்ளை அம்மாவை அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். அம்மாவிடம் போய்க் கேட்டேன். "கோழிப்பண்ணைப் பேச்சு எனக்குத் தெரியாதுங்க தம்பி" என்றார். "அங்க அவகூட முட்டை பொறுக்கின பொம்பளை யாராச்சும் இருப்பாங்க. அவங்களைத் தேடச் சொல்லுங்க." நண்பர் தேடினார். பண்ணை வேலையை விட்டுவிட்டு டிபன் கடை போட்டிருந்த ஒரு பெண் கிடைத்தார். அவரை வைத்துத்தான் அந்தச் சாட்சியம் பதிவாயிற்று.